படம் தெளியவில்லை என்றார் அப்பாசாமி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கேட்டு, நான் ஏதாவது தத்துவம் பேசிவைப்பதைவிட அது நல்லது. கதை என் வீட்டுக் கூரையிலிருந்து வந்தது.

மலாக்காவில், காஜா பெராங்கில் இருக்கும் என் வீட்டில் பழைய செயற்கைக்கோள் டிவிதான் நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்தது. மழை பிடித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். மழை விட்டால் தானே ஒட்டிக்கொள்ளும். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. மகள்தான் கோலாலம்பூரிலிருந்து நச்சரித்து நச்சரித்து எச்.டி.க்கு மாற வைத்தாள். புது ரிமோட்டில் நாற்பது பொத்தான் இருக்கும், நான் எதையாவது அமுக்கி எல்லாவற்றையும் இழந்துவிடுவேன் என்று பயந்துகொண்டே சம்மதித்தேன்.

புக்கிட் ரம்பாயிலிருந்து ஒருவர் வந்து கூரையில் ஏறித் தட்டைத் திருப்பினார். பெட்டியை மாற்றினார். படம் வந்தது. செய்தி வாசிப்பவரின் கன்னத்தில் பவுடர் திட்டாக நிற்பது தெரிந்தது. அவர் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருந்தது. ரிமோட்டும் பழையது போலத்தான் இருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"தெளிவா இருக்காம்மா?" என்று கேட்டார் அவர்.

"இருக்குங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த விஜயா சிரித்துவிட்டாள். "இந்தக் கேள்விக்கு எங்கப்பா ஒரு நாளும் 'இருக்கு'ன்னு சொன்னதில்ல" என்றாள்.

விஜயா என் அடுத்த வீட்டுக்காரி. என்னைவிடச் சில வயது மூத்தவள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் சொன்னதைத்தான் எழுதப் பார்க்கிறேன். நடந்தது 1965இல்.

2

தொடங்குவதில்தான் சிக்கல்.

(மெர்டேக்கா என்னும் விடுதலை கிடைத்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்த அந்நாளில், மலாக்கா நகரின் வீடுகளில் தொலைக்காட்சி என்னும் விந்தை மெல்ல மெல்ல —)

பள்ளிக்கூடப் பாடநூல். வேண்டாம்.

(அப்பாசாமியின் கண்களுக்குள் ஒரு வெள்ளைத் திரை விழுந்துகொண்டிருந்ததை அவர் யாரிடமும் —)

இது வேண்டவே வேண்டாம். முதல் வரியிலேயே விஷயத்தைக் கொட்டிவிட்டேன். அடித்துவிடலாம் என்றால் நீங்கள் அதற்குள் படித்துவிட்டீர்கள். போகட்டும். இனி உங்களுக்கும் எனக்கும் தெரிந்த ஒன்று, கதைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. அப்படியே வைத்துக்கொள்வோம்.

மூன்றாவதாக எழுதியது இது: அப்பாசாமி டிவி வாங்கினார்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அப்பாசாமி டிவி வாங்கினார். காஜா பெராங்கில் பலகை வீடொன்றைச் சொந்தமாக வாங்கிக் குடியேறிய கொஞ்ச நாளில் வாங்கினார். விஜயாவின் அப்பா அவர். பஸ் ஓட்டுநர். நகரத்துக்கும் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்கும் நடுவே ஓடும் கம்பெனி வண்டியை ஓட்டுகிறவர். சிக்கனமான மனிதர். கிழிந்த பனியனைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறவர். அவர் டிவி வாங்கியதில் தெருவே ஆச்சரியப்பட்டது.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் ரேடியோ கடை வைத்திருந்த மாணிக்கவாசகம்தான் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, கூரைமேல் ஏறி ஏரியல் கட்டினார்.

"இப்ப எப்படிண்ணே?" என்று மேலேயிருந்து கத்தினார்.

"புகையா இருக்கு!"

"இப்ப?"

"அதே புகைதான்யா!"

இறங்கி வந்து பார்த்தார் மாணிக்கவாசகம். படம் தெளிவாக இருந்தது. வாடிக்கையாளர் சொன்னால் மறுக்கக் கூடாது என்று மறுபடி ஏறினார். அடுத்த வாரம் இன்னும் நீளமான கம்பத்தோடு வந்தார். அதற்கடுத்த வாரம் பெட்டியையே மாற்றிக்கொடுத்தார்.

"இதுவும் அதே மாதிரிதான் இருக்கு" என்றார் அப்பாசாமி.

அடுத்த வீட்டு நாகம்மா அப்போது கூடத்தில் இருந்தார். நாகம்மா மலாக்காச் செட்டி வம்சம். கோயிலுக்கு நம்மைப் போலவே போவார். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். டிவியில் எந்த மொழி ஓடினாலும் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்.

"தெராங்லா, பாங்! நல்லா தெராங்!" என்றார். வெளிச்சமாக, தெளிவாகத்தானே இருக்கிறது, அண்ணே என்று அர்த்தம்.

"உங்களுக்குப் படம் ஓடினாப் போதும்" என்றார் அப்பாசாமி கடுப்போடு.

(நாகம்மாவை எடுத்துவிடலாமா என்று ஒருமுறை யோசித்தேன். கதையில் அவர் செய்வதெல்லாம் உட்கார்ந்து படம் பார்ப்பதும் உண்மையைச் சொல்வதும்தான். "அவங்களை எடுத்துட்டா நான் உன்கூடப் பேசமாட்டேன்" என்றாள் விஜயா. இருக்கிறார்.)

4

ஒரு சாயங்காலம் கூடம் நிறைய ஆட்கள். டிவியில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் குரல் எடுபடவில்லை.

அப்பாசாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த ஆளு என்ன இவ்வளவு நேரமா ஒரே இடத்துல உக்காந்திருக்கான்?" என்றார்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அப்பாசாமி தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தார்கள். அவரும், தமாஷ்தான் பண்ணியதுபோல், கொஞ்சம் பொறுத்துச் சிரித்தார்.

அவர் மனைவி பூங்காவனம் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் 'கொஞ்சம் பொறுத்து' அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சாப்பாட்டில் ஒரு சோதனை வைத்தார். தட்டின் ஓரத்தில் அப்பளத்தை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்பாசாமி சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். அப்பளம் அப்படியே இருந்தது. அப்பளம் இல்லாமல் சோறு இறங்காத மனிதர் அவர்.

5

அடுத்த நாள் காலை பூங்காவனம் சந்தைக்குப் போகும் பசார் கூடையை எடுத்துக்கொண்டு போய்க் கணவனுடைய பஸ்ஸில் ஏறினார். கல்யாணமாகி அதுவரை அவர் அந்த வண்டியில் ஏறியதில்லை. ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். அப்பாசாமி திரும்பிப் பார்த்தார். மனைவி என்று தெரியாமலே முன்னால் திரும்பிக்கொண்டார்.

நடத்துநர் ஏகாம்பரம் டிக்கெட் கிழிக்க வந்தபோதுதான் அவரைக் கண்டார். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, நீங்களா?"

"சும்மாதான். நீங்க உங்க வேலையப் பாருங்க."

ஏகாம்பரத்தின் வேலை என்ன என்பது நாலைந்து நிறுத்தங்களிலேயே தெரிந்துபோயிற்று. டிக்கெட்டை ஓட்டமாகக் கொடுத்துவிட்டு முன்னால் வந்து ஓட்டுநர் பக்கத்தில் நின்றுகொள்வார். குனிந்து, பயணிகளுக்குக் கேட்காத குரலில் பேசிக்கொண்டே வருவார்.

"இடது பக்கம் சைக்கிள், அண்ணே. விட்டுப் போங்க. ஆ, சரி. முன்னால லாரி நிக்குது. நில்லுங்க. இப்ப போகலாம்."

வண்டி மெதுவாகத்தான் போனது. வளைவுகளில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. சாலை அவருக்கு உடம்பிலேயே பதிந்திருந்தது. ஆனால் ஆளில்லாத நிறுத்தத்திலும் வண்டி நின்றது. ஆட்கள் கைகாட்டிய ஓரிடத்தில் ஏகாம்பரம் சொல்கிறவரை நிற்கவில்லை. உள்ளே பள்ளிப் பிள்ளைகள் இடித்துப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பூங்காவனம் கூடையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எல்லாச் சாமியையும் கூப்பிட்டதாகப் பின்னால் மகளிடம் சொன்னாராம்.

6

இந்த இடத்தில் நான் ஒரு சிறுமியை எழுதினேன்.

வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை. கையில் தண்ணீர்ப் புட்டி. சாலையின் குறுக்கே ஓடிவருகிறாள். ஏகாம்பரம் "அண்ணே, பிரேக்!" என்று அலறுகிறார். சக்கரம் கிறீச்சிடுகிறது. தண்ணீர்ப் புட்டி உருண்டு —

விஜயாவிடம் படித்துக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அப்படி யாரும் வரல" என்றாள்.

"கதைக்காகத்தான், விஜயா. அடிபடமாட்டாள். நூலிழையில் —"

"வேணாம். எங்கப்பா எழுபத்தொம்பது வயசுல போனாரு. போற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தது ஒண்ணுதான்: 'நான் யாரையும் இடிக்கல.' அதைப் போய் நீ கெடுக்காத."

அடித்துவிட்டேன். அந்தச் சிறுமி அன்று பத்திரமாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள். அவள் இந்தக் கதையின் சாலைக்கு வரவே இல்லை. எழுதுகிறவளுக்கு ஒரு நல்ல காட்சி போயிற்று. ஆனால் வரியை அடித்தபோது என் நெஞ்சில் ஏதோ இறங்கியதுபோல்தான் இருந்தது.

7

பத்து பெரெண்டாமில் கடைசி நிறுத்தம். எல்லோரும் இறங்கினார்கள். பூங்காவனம் மட்டும் இறங்கவில்லை.

"என்னங்க" என்றார்.

அப்பாசாமி திடுக்கிட்டுத் திரும்பினார். "பூங்கா? நீ எங்க இங்க?"

"எனக்குத் தலை சுத்துதுங்க. நெஞ்செல்லாம் படபடங்குது. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பஸ்ல வேணாம், எண்ணெய் நாத்தம் ஒத்துக்கல. டாக்சி பிடிங்க."

வேறொரு நாளாயிருந்தால் வண்டியை விட்டு நகர்கிற மனிதரில்லை. அன்று சாவியை ஏகாம்பரத்தின் கையில் கொடுத்துவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். யார் யாரை நடத்திப் போனார்கள் என்று ஏகாம்பரத்துக்குப் புரிந்தது. கடையிலிருந்து கம்பெனிக்கு போன் போட்டு வேறு ஓட்டுநரை வரச் சொன்னார். பிறகு பஸ் படியில் உட்கார்ந்து அழுதாராம். "அழுகை நிக்கவே இல்லம்மா, அன்னைக்குத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு" என்று விஜயாவிடம் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அண்ணனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாமல், பயத்தை அடக்கவும் முடியாமல் அத்தனை மாதம் அந்த வண்டியில் நின்றவர்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் முறை வந்தது. டாக்டர், "என்னம்மா செய்யுது?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார் பூங்காவனம். "இவருக்குக் கண்ணு தெரியல."

அப்பாசாமி என்ன செய்தார்? (கோபத்தில் மேசையைத் தட்டி எழுந்தார். இல்லை. "இவளுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று சிரித்து மழுப்பினார். அதுவும் இல்லை.) மூன்றாவதையும் நான்காவதையும் எழுதிப் பார்த்தேன். எதுவும் நடந்ததற்குப் பக்கத்தில் வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மனைவிக்கென்று போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முகத்தை டாக்டர் பக்கம் நிமிர்த்திக் காட்டினார்.

"எவ்வளவு நாளா?" என்றார் டாக்டர்.

"ரொம்ப நாளாச்சு" என்றார் அப்பாசாமி. அப்படிச் சொன்னதும் அவர் தோள் இரண்டும் கீழே இறங்கியதாம். அவ்வளவு உயரத்தில் தூக்கிவைத்திருந்தார் என்பதே பூங்காவனத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

8

இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. கூடவே இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. முதலில் வலது கண்ணுக்கும் சில மாதம் கழித்து இடது கண்ணுக்கும் அறுவை நடந்தது. தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும் என்று நர்சுகள் மிரட்டினார்கள். அவருக்கு மிரட்டலே தேவைப்படவில்லை, அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். சோடாபுட்டிக் கண்ணாடி கிடைத்தது. பார்வை வந்தது.

பஸ் ஓட்டும் வேலை திரும்ப வரவில்லை. டிப்போவில் வண்டிகளை வெளியே அனுப்பும் வேலை கொடுத்தார்கள். அதற்கு அவர் வருத்தப்பட்டார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். வருத்தப்படவில்லை. மறுபடி வண்டி எடுக்கலாமே என்று யாரோ சொன்னபோது, "ஐயோ சாமி, ஆளை விடு" என்று கும்பிட்டாராம்.

ஒரு கேள்வி மட்டும் விஜயாவுக்கு இருந்தது. எனக்கும் இருக்கிறது. கிழிந்த பனியனைத் திருப்பிப் போடுகிறவர், பார்வை மங்கிப்போன நேரம் பார்த்து ஏன் டிவி வாங்கினார்? யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றா?

பெரியவளானதும் விஜயா நேராகவே கேட்டிருக்கிறாள்.

"டிவி எதுக்கு வாங்குவாங்க? படம் பாக்கத்தான்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டாராம். ரொம்ப நேரம் துடைத்தாராம்.

9

முடிவு என்று என்னிடம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது பாதிதான்.

புதுக் கண்ணாடி போட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாசாமி, மனைவியைக் கூட்டிக்கொண்டு பத்து பெரெண்டாம் பஸ்ஸில் பயணியாக ஏறினார். ஏகாம்பரம்தான் நடத்துநர், ஓட்டியது வேறு ஆள். அப்பாசாமி ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மரத்தில் குரங்கைக் காட்டினார். விமானத் திடல் பக்கம் பறந்த கொடியைக் காட்டினார். ஒரு வளைவு வந்தது. அங்கே சாலையை ஒட்டிப் பச்சை அடித்த பலகை வீடு ஒன்று. வாசலிலேயே இரண்டு குழந்தைகள் குந்தியிருந்தன.

"அட, இங்க வீடு கட்டிட்டாங்களா! எப்பக் கட்டினாங்க?" என்றார்.

ஏகாம்பரம்தான் சொன்னார்.

"அது மூணு வருசமா இருக்குண்ணே."

இதற்கு மேல் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அப்பாசாமி வாய்விட்டுச் சிரித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது, பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்பது பூங்காவனம் சொன்னது. சிரிக்கவே இல்லை, வண்டி திரும்புகிறவரை அந்தக் குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார் என்பது ஏகாம்பரம் சொன்னது. இரண்டு பேரும் அவருக்கு ஒரு கை தூரத்தில் இருந்தவர்கள். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

நான் இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் அந்தக் குழந்தைகள் வாசலில் நன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் எனக்கு எதுவும் சம்மதம். நீங்கள் அந்த பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்களோ, அங்கிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.