சறுக்குமர சார் கயிறு ஏறினார்

நகராட்சிப் பூங்காக்களின் மேற்பார்வையாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பியூனிலிருந்து பூங்காக் கமிட்டித் தலைவியம்மா வரை எல்லாருக்கும் அவர் சறுக்குமர சார்தான். அதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அவருடைய வாய்தான் காரணம்.

சில வருஷம் முன்னால், புதிதாக வந்திறங்கிய ஒரு சீசாப் பலகையில் சும்மா உட்கார்ந்து பார்த்தார். படாரென்று முறிந்தது. நல்ல வேளை, எதிர்முனையில் குழந்தை எதுவும் இல்லை. விழுந்த வலி முதுகில், கோபம் தலையில். நேராகக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய் மேஜையைத் தட்டினார். "இனிமே எந்தப் பூங்காவுக்கு எந்த விளையாட்டுச் சாமான் வந்தாலும் முதல்ல நான் ஏறுவேன். என்னைத் தாங்கினா எந்தக் குழந்தையையும் தாங்கும்!" ஆள் அப்படி. லிஃப்டில் அவர் நுழைந்தால் மற்றவர்கள் மரியாதையாக அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பார்கள். கமிட்டி கைதட்டியது. பேச்சு அன்றைக்கே விதியாகிவிட்டது.

அப்புறம் என்ன? ஊஞ்சல் வந்தால் சார் ஆட வேண்டும். ஸ்பிரிங் வாத்து வந்தால் சார் குதிக்க வேண்டும். குழாய் மாதிரி வளைந்த சறுக்குமரம் ஒன்று வந்தபோது, சார் உள்ளே போனார், வெளியே வரவில்லை. தோட்டக்காரர்கள் இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். முதலில் ஷூ வந்தது, அப்புறம் பெல்ட் வந்தது, கடைசியாகத்தான் சார் வந்தார். பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது பிரச்சினை கயிறு.

பெரிய பூங்காவில் காலை நேரத்தில் ஒரு சின்னக் கும்பல் வரும். பேக்கரிக்காரர் ஒருத்தர், பஸ் டிரைவர் ஒருத்தர், இரண்டு நர்ஸுகள். இரண்டு மரத்துக்கு நடுவில், முழங்கால் உயரத்தில், தட்டையாக இருக்கும் ஒரு பட்டைக் கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். வெறுங்காலோடு அதன்மேல் நடப்பார்கள். கையில் கழி கிடையாது, கீழே வலை கிடையாது, பார்க்கிறவர்களிடம் தட்டு நீட்டுவதும் கிடையாது. விழுவார்கள், சிரிப்பார்கள், கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். அதுதான் விளையாட்டாம். அந்தக் கும்பலில் ஐந்தாவது ஆள் சாரின் மனைவி.

கயிற்றைத் தடை செய்யச் சொல்லிக் கமிட்டிக்குப் புகார் கொடுத்தது நடைப்பயிற்சி சங்கத் தலைவர். அவர் யார் என்கிறீர்கள்? அந்த மனைவியைப் பெற்ற அப்பா. சாரின் மாமனார். அதுவும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி, சாருக்கு ஆபீஸையும் சேர்த்து மூன்று பக்கம்.

மாமனார் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலை விட்டாரே தவிர விசிலை விடவில்லை. கழுத்தில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் பூங்காவுக்கு வருவார். எல்லாரும் ஒரே திசையில் நடக்க வேண்டும், ஜோடியாக நடந்தால் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், நின்று கதை பேசினால் ஊதுவார். நாய்கள்கூட அவரைக் கண்டால் வரிசையில் போகும்.

மகள் கயிற்றுக்கு வந்த கதைதான் முக்கியம். போன வருஷம் வீட்டு மாடிப்படியில் கால் இடறி உருண்டு, அவளுக்குக் கணுக்கால் உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. மாடியிலிருந்த கட்டிலைக் கூடத்துக்கு இறக்கினார்கள். கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. கடை வாசலில் இருப்பதே இரண்டு படி, அதற்கும் யாராவது கை கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் பாத்திரக் கூடையோடு படியில் ஓடி ஏறினவள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கண்ணாடி மாற்ற வந்த நர்ஸ் ஒருத்தி பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலைல பூங்காவுக்கு வாங்க, மிச்சத்தை அங்க பேசிக்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள். சில மாசம் கழித்து ஒரு சாயங்காலம், யாரிடமும் சொல்லாமல் தனியாக மாடிக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். படிக்குக் கீழே நின்று பார்த்த சார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"எதுக்குங்க அழறீங்க? துணி காஞ்சிருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன், அவ்வளவுதான்" என்றாள் அவள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அந்த வாரமே கட்டிலும் மாடிக்குத் திரும்பியது.

கயிறு விஷயம் அப்பாவுக்குத் தெரியாமலே பார்த்துக்கொண்டார்கள், அவர் நடக்க வருவதற்குள் கயிற்றைச் சுருட்டிவிடுவார்கள். எத்தனை நாளைக்கு? ஒரு நாள் சீக்கிரமே நடந்து வந்தவர், மகள் கயிற்றின் நடுவில் நிற்பதைப் பார்த்தார். கை தானாக விசிலுக்குப் போனது. ரயிலையே நிறுத்துகிற ஊதல் அது. அவள் திடுக்கிட்டுப் புல்லில் விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் ஊதி விழ வைத்தாரே! அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசுவதில்லை. மறுநாளே புகாரும் போய்விட்டது.

வீட்டில் சார் தபால்காரரானார்.

"உங்க மாமாவுக்குக் காபி ஆறுதுன்னு சொல்லுங்க."

"காபி ஆறுறது எனக்கும் தெரியுதுன்னு சொல்லுங்க, மாப்பிள்ளை."

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சர்க்கரை டப்பாதான் தூரம். மாமனார் ஒரு சூட்கேஸைக் கட்டிக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டார். "அனுமதி குடுத்தீங்கன்னா அன்னிக்கே என் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிடுவேன்." தினமும் காலையில் அதைத் திறந்து சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, திரும்பப் பூட்டி வைப்பார். மனைவி ஒரே வார்த்தையில் முடித்தாள். "கயிறு போச்சுன்னா கட்டில் மறுபடி கீழ வரும். அப்புறம் மாடிக்கு வான்னு என்னைக் கூப்பிடக் கூடாது."

கமிட்டிக் கூட்டத்தில் சார் தப்பிக்கப் பார்த்தார். "அம்மா, இதுல நான் தலையிடறது முறையில்ல. புகார் குடுத்தவர் என் மாமனார், கயித்துல நடக்கிறவ என் மனைவி."

"அப்போ ரெண்டு பக்கமும் உங்களுக்கு ஒரே அளவு பயம்" என்றார் தலைவியம்மா. "இதைவிட நடுநிலையான ஆளுக்கு நாங்க எங்க போறது? அதான் விதி இருக்கே சார், நீங்களே போட்டது. இந்த மரத்துலேர்ந்து அந்த மரம் வரைக்கும் நீங்க போய்ச் சேர்ந்தா அனுமதி. நடுவுல இறங்கினா தடை. கமிட்டி நேர்ல வந்து பார்க்கும்."

"அம்மா, கயிறு தாங்கிடும். நான்தான் தாங்க மாட்டேன்."

கமிட்டி சிரித்தது. சார் சிரிக்கவில்லை. தன் வாயால் கெட்டதற்குத் தவளை மட்டும்தான் உதாரணமா என்ன!

வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. கூடத்துத் தரையில் டைல்ஸ் சேருகிற கோடுதான் கயிறு. "கீழ பார்க்காதீங்க" என்று மனைவி சொல்லிக்கொடுத்தாள். "எதிர்ல அசையாத ஒண்ணைப் பார்த்துட்டே வாங்க. மூச்சை அடக்காதீங்க. பயந்தா முழங்காலை மடக்குங்க."

"தரைலயே தள்ளாடறாரு, கயிறாம் கயிறு" என்றார் மாமனார், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

சார் அசையாத பொருளாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். காலுக்கு முன்னால் சூட்கேஸ் இருந்ததைப் பார்க்கவில்லை. மொத்த உடம்போடு அதன்மேல் உட்கார்ந்தார். பூட்டு தெறித்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

"வேணும்னே செஞ்சீங்களா, மாப்பிள்ளை?"

"அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா நான் ஏன் மாமா இந்த விதியைப் போட்டிருக்கப் போறேன்?"

மனைவி முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மாமனாரின் பேப்பரும் கொஞ்சம் குலுங்கியது. ஆனால் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

சோதனை நாளன்று பூங்காவில் திருவிழாக் கூட்டம். ஒரு பக்கம் கமிட்டி, இன்னொரு பக்கம் வெள்ளை ஷூ போட்ட நடைப்பயிற்சி சங்கம், அதன் தலைமையில் விசிலைக் கையில் பிடித்தபடி மாமனார். அக்கரை மரத்தடியில் மனைவி நின்றாள். "என்னையே பார்த்துட்டு வாங்க" என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும், மறுபடி இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை என்னால் பார்க்க முடியாது என்று நினைத்துச் சார் ஷூவைக் கழற்றினார். பேக்கரிக்காரரின் தோளில் கையை ஊன்றிக் கயிற்றில் ஏறினார். கயிறு முனகிக்கொண்டே தாழ்ந்து, புல்லைத் தொடாத குறையாக நின்றது. கூட்டம் "ஐயோ" என்றது. பேக்கரிக்காரர் விலகிக்கொண்டார்.

முதல் அடி. சரி. இரண்டாவது அடி. அதுவும் சரி. மூன்றாவது அடியில் கயிறு இடது பக்கம் போனது, சார் வலது பக்கம் போனார், கை இரண்டும் காற்றாடி மாதிரி சுற்றின. வலது பக்கத்தில் நடைபாதையின் சிமெண்ட் விளிம்பு இருந்தது.

யாரோ ஓடி வந்தார்கள். விழப்போன சாரின் கைக்குள் ஒரு கழுத்து வந்து மாட்டியது. பிடித்த பிறகுதான் அது மாமனாரின் கழுத்து என்று தெரிந்தது.

"மாப்பிள்ளை, கழுத்தை விடுங்க!"

"விட்டா விழுந்துடுவேன், மாமா!"

"விழுந்தா என் மேலதான் விழுவீங்க! தோளைப் பிடிங்க. கீழ பார்க்காதீங்க. முழங்காலை மடக்குங்க, அவ அத்தனை தடவை சொன்னாளே, காதுல விழலையா?"

"பேப்பர் படிச்சிட்டிருந்த உங்களுக்கு எப்படி விழுந்துச்சு?"

"பேசாம நடங்க!"

நடந்தார்கள். மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர். இவர் ஓர் அடி வைத்தால் அவரும் ஓர் அடி. இப்போது விலகினால் மாப்பிள்ளை தலைமேல் வந்து விழுவார், கூடவே போனால் கயிறு ஜெயித்துவிடும். ஆப்பசைத்த குரங்கின் நிலைதான். சங்கத்து ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"மாமா, தடை வேணும்னா என்னை விழ விட்டிருக்கலாமே. ஏன் ஓடி வந்தீங்க?"

மாமனார் தலையை நிமிர்த்தாமல் இன்னும் இரண்டு அடி வைத்தார்.

"அவ படியில உருண்டப்போ நான் மேல் படியில நின்னுட்டிருந்தேன்" என்றார். "கையை நீட்டினேன், மாப்பிள்ளை. எட்டல. ஒவ்வொரு படியா அவ தலை இடிக்கிறதைப் பார்த்துக்கிட்டு நின்னேன். இங்க அவளை அந்தக் கயித்து மேல பார்த்தப்போ எனக்கு வேற ஒண்ணும் தோணல. விசில்தான் இருந்துச்சு, ஊதிட்டேன். மரத்துக்குக் கெடுதி, பாதைக்கு இடைஞ்சல்னு எழுதிக் குடுத்ததெல்லாம் சும்மா. எனக்குப் பயம், அவ்வளவுதான்."

அதற்குள் அக்கரை மரம் வந்துவிட்டது. சார் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கூட்டம் கைதட்டியது. மரத்தடியில் நின்ற மனைவி மட்டும் தட்டவில்லை. கடைசிப் பேச்சு முழுக்க அவள் காதில் விழுந்திருந்தது.

கமிட்டி கூடிக் கூடிப் பேசியது. ஒருத்தர், சார் தனியாக வரவில்லை, செல்லாது என்றார். இன்னொருத்தர், நடுவில் இறங்கவில்லையே, செல்லும் என்றார். தலைவியம்மா கையை உயர்த்தினார். "தாங்கிடுச்சு. ஆனா தாங்கினது கயிறு மட்டும் இல்ல. அதனால அனுமதி உண்டு, ஒரு நிபந்தனையோட. யார் ஏறினாலும் பக்கத்துல ஒருத்தர் கூடவே நடக்கணும்." சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆளுக்கா பஞ்சம்? நடக்கிறதுக்குன்னே இங்க ஒரு சங்கம் இருக்கே."

வெள்ளை ஷூக்கள் எல்லாம் தலைவரைப் பார்த்தன. தலைவர் சாரை முறைத்தார். சார் மரத்தை இன்னும் விடவில்லை.

மறுநாள் காலை சூட்கேஸ் கூடத்திலேயே கிடந்தது. பூட்டு இல்லாத பெட்டியோடு எப்படிப் பிரயாணம் போவது என்று மாமனார் பொதுவாகச் சுவரிடம் சொன்னார். பூங்காவுக்கு மூன்று பேரும் ஒன்றாகத்தான் போனார்கள், பேச்சில்லாமல்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றில் ஏறினாள். மாமனார் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, "இதைப் பிடிங்க மாப்பிள்ளை, என் கை சும்மா இருக்காது" என்று சாரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றார். அவள் அவர் தோளில் கை வைத்தாள். இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள்.

நடுக் கயிறு வந்ததும் அவள் கையை எடுத்தாள்.

மாமனார் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மாப்பிள்ளை" என்றார் திரும்பாமல், "கையை வைக்கச் சொல்லுங்க அவளை."

பழக்க தோஷம், சார் தபாலைக் கொண்டுபோக ஓர் அடி முன்னே வந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"அப்பா" என்றாள். "நான் விழ மாட்டேன்பா. ஆனா நீங்க போயிடாதீங்க."

மாமனாரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. இரண்டு கையையும் அவளுக்குக் கீழே நீட்டி, தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு, கூடவே நடந்தார்.

"எட்டற தூரத்துலதாம்மா இருக்கேன். நீ போ."