டிங்கிரிபண்டா பதினோரு தடவை செத்தது

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கும்புக்வௌ உப தபாலகத்தில் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது அதுவாகவே வந்து கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்றது.

"மாத்தயா, இந்த முறை நான் சாகமாட்டன்," என்றான் டிங்கிரிபண்டா.

இதை விட நல்ல தொடக்கம் எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும்? ஆனால் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். வீட்டுக்குப் போய் இப்படி எழுதினேன்:

[கிறிஸ்துவுக்கு முன்னரே இத்தீவின் ஆட்சியைக் கடல் கடந்து வந்த குதிரை வணிகரின் புதல்வர் கைப்பற்றி இருபத்திரண்டு ஆண்டுகள்—]

பரீட்சைத்தாள் வாசனை. அடித்துவிட்டேன். அடுத்தது:

[கடல் கொந்தளித்தது. நூறு கப்பல்களின் பாய்கள் அடிவானத்தை—]

அட, நிறுத்து! கும்புக்வௌவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு அரை நாள் பஸ். இங்கே தண்ணீர் என்றால் குளம்தான். குளத்திலிருந்தே தொடங்குவோம்.

2

ஒவ்வொரு வருடமும் அறுவடை முடிந்து புத்தரிசி விழாவன்று பின்னேரம், குளக்கட்டுக்குக் கீழே சூடடிக்கும் களத்தில் எங்கள் ஊர் நாடகம் நடக்கும். உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டிக்குத் தென்னோலை கட்டினால் கப்பல். அதிலிருந்து அந்நிய அரசன் இறங்குவான். குளத்தைப் பிடிப்பான், மதகை மூடுவான், வயல் காயும், பெண்கள் அழுவார்கள். பிறகு நம்மூர் அரசன் படையோடு வருவான். ஈட்டி பறக்கும். மேளத்தில் மூன்று அடி. அந்நியன் சாய்வான்.

உடனே மேளம் நிற்கும். வென்ற அரசன் முடியைக் கழற்றிவிட்டு, செத்த எதிரிக்குத் தலை குனிவான், சனமும் குனியும்.*

அதன் பிறகு புத்தரிசியில் பொங்கிய பாற்சோறு வரும். வெட்டிய துண்டின் மேல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பல் வைத்து, படையிலுள்ள எல்லாரும் சுடச்சுடச் சாப்பிடுவார்கள். கடைசித் துண்டு முடியும்வரை பிணம் எழும்பக்கூடாது. அது சட்டம். எறும்பு கடித்தாலும் சட்டம் சட்டம்தான்.

பிணமாக நடிப்பது யார்? ஊருக்குக் கடைசியாக வந்த வீட்டோடு மாப்பிள்ளை. வெளியிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டவன் அவன்தானே! டிங்கிரிபண்டா பதினோரு வருடத்துக்கு முன் ரன்மெனிகேயின் வீட்டுக்கு வந்தான். அதன் பிறகு ஊரில் கல்யாணமான பெண்பிள்ளைகள் எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்கே போய்விட்டார்கள். ஆகவே பதினோரு வருடமும் இவனே செத்தான்.

(* இது எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. கடல் கடந்து வந்த ஒரு மன்னனை வென்ற அரசன், அவனுடைய சமாதியைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த ஆணையிட்டான் என்று பழைய ஏடு சொல்கிறது. வெட்டுக்குத்துக் கதைகள் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த இடம் இது ஒன்றுதான்.)

3

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். அந்தப் பாத்திரம் நான்.

நான் தமிழன். இருபத்தாறு வருடமாக இந்தச் சிங்கள ஊரில் இருக்கிறேன். இவர்கள் பேசுவது என் காதுக்குள் நுழையும்போதே எங்கள் பக்கத்துத் தமிழாகிவிடுகிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன். 'மாத்தயா' மட்டும் 'ஐயா'வாக மாற மறுக்கிறது. ஆனால் என்னைக் கதைக்குள் விட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? கடல் கடந்து வந்த அரசனாக நடிக்க ஊரிலேயே ஒரு தமிழன் இருக்கிறானே என்பீர்கள். டிங்கிரிபண்டாவும் அதையேதான் கேட்டான். என் முன்னாலேயே, குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு நாடகத்தையும் நடத்துகிற வட்டவிதானை முதியான்சேயிடம் கேட்டான்.

"விதானையார், நான் பிறந்தது கெக்கிராவைப் பக்கம். இஞ்சயிருந்து எட்டுக் கட்டை தூரம். சைக்கிள்ல வந்தனான், கப்பல்லயா வந்தனான்? இந்தா நிக்கிறார் போஸ்ட்மாஸ்டர், அவரைப் போடுங்கோவன்!"

"சீச்சீ! அவரைப் போய் அப்பிடிக் கேக்கலாமே? அவர் எங்கட மனுசன்."

"அப்ப நான் ஆர்?"

விதானையார் வெற்றிலையைத் துப்ப எழும்பிப் போனார். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஒரு நாள் முழுக்க என்னை வெட்டிவிட்டு எழுதிப் பார்த்தேன். கதை நொண்டியது. ஆகவே நான் இருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

4

இந்த வருடம் வந்தது விடிவு. விதானையாரின் தங்கை மகளுக்குக் குருநாகலிலிருந்து இந்திக்க என்றொரு வீட்டோடு மாப்பிள்ளை வந்து இறங்கினான். கோழிக்குஞ்சுக்கும் வழிவிட்டு நடக்கிற பையன். அவன் தலையில் அந்நிய முடி. டிங்கிரிபண்டாவின் கையில் நம்மூர்ப் படையின் ஈட்டி. அவனுக்கு ஒரே ஒரு வசனம்: "வெளியாளே, வந்த வழியே போ!" அதை மாட்டிடமும் சொன்னான், மதகிடமும் சொன்னான். கடிதம் கொடுக்கப் போன என்னிடம் சொல்லிவிட்டு, "ஐயோ மாத்தயா, உங்களுக்கில்லை," என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ரன்மெனிகே விடுவாளா?

"அரசனா இருந்த மனுசன், இப்ப ஈட்டி தூக்கப் போறாராம். பதவி இறங்கினதுக்கு இப்பிடியொரு குதிப்போ?"

"பகிடி பண்ணு, பண்ணு. பதினொரு வருசமா அந்தப் பாற்சோறை மணந்துகொண்டு கிடந்தவன் நான். இந்த முறை ஊராளோட ஊராளா நிண்டு சாப்பிட வேணும்."

"அதுக்கென்ன, நாளைக்கே பொங்கித் தாறன்."

"நீ பொங்கினா அது உன்ர வீட்டுச் சோறு," என்றான்.

[இங்கே அவனுடைய மனநிலையை விளக்கி ஒரு பத்தி இருந்தது. அவனே சொல்லிவிட்டபடியால் எடுத்துவிட்டேன்.]

5

நாடக நாள். நான் மூன்றாம் வரிசையில். கப்பல் வந்தது, பெண்கள் அழுதார்கள், டிங்கிரிபண்டா தன் வசனத்தைக் களமே அதிரச் சொன்னான். நம்மூர் அரசன் ஈட்டியை எறிந்தான். மேளத்தில் மூன்று அடி.

டிங்கிரிபண்டா சடாரென்று விழுந்து செத்தான்.

ஐயோ கடவுளே! பதினோரு வருடப் பழக்கம். மூன்றாவது அடி காதில் விழுந்தால் அவனுடைய முழங்கால் யாரையும் கேட்காது. இந்திக்க வாயைப் பிளந்துகொண்டு நின்றான். முன் அனுபவமுள்ளவர் விழுந்துவிட்டாரே என்று பயந்து, அவனும் பக்கத்தில் போய்ப் பக்குவமாகப் படுத்துக்கொண்டான். சனம் சிரித்த சிரிப்பில் குளக்கட்டுக் கொக்கெல்லாம் பறந்தது.

மேளக்காரருக்கும் பழக்கம்தான், மேளம் நின்றுவிட்டது. அந்தச் சிரிப்புக்குள் விதானையார் மைக்கைப் பிடித்தார். அவருக்கு வியர்த்து ஓடியது. நாடகம் கெட்டால் அவருடைய மானம் கெடும்.

"எங்கட ஊர் வீரன் ஒருத்தனும்... விழுந்திட்டான்! எங்கட டிங்கிரிபண்டா!"

இந்த நாடகத்தில் நம்மூர்க்காரன் ஒருவனும் இதுவரை செத்ததில்லை. சிரிப்பு அடங்கியது. அரசன் குழம்பிப்போய் முடியைக் கழற்றினான். சனம் இரண்டு பிணங்களுக்கும் தலை குனிந்தது. டிங்கிரிபண்டாவின் மூடிய கண்ணோரத்தால் தண்ணீர் வழிந்ததை நான் பார்த்தேன். என் கண்ணும் அவ்வளவு ஒழுங்காக இல்லை.

6

பாற்சோறு வந்தது. ரன்மெனிகே ஒரு துண்டை வாழையிலையில் வைத்துக்கொண்டு களத்துக்குள் வந்து அவன் தலைமாட்டில் குந்தினாள்.

"எழும்புங்கோ. ஆறப் போகுது."

"விதானையார் இப்பதான் என்னை 'எங்கட' எண்டு சொன்னவர். கேட்டனியோ?"

"கேட்டன். முழு ஊரும் கேட்டது."

"எழும்பினா அது பகிடியாப் போயிடும்."

"அப்ப சாப்பிடாம கிடக்கப் போறியளோ?"

இந்தக் கேள்விக்கு நான் மூன்று முடிவு எழுதினேன்.

அ. எழும்பிச் சாப்பிடுகிறான். சிரிப்பும் கைதட்டலுமாக ஊர் கலைகிறது. கிழித்துவிட்டேன். மறுநாள் காலையில் அவன் பழையபடி ரன்மெனிகே வீட்டு மாப்பிள்ளையாகிவிடுகிறான்.

ஆ. கடைசித் துண்டு முடியும்வரை அசையாமல் கிடக்கிறான். கம்பீரமான முடிவு. ஆனால் கம்பீரத்துக்காக ஒருவனைப் பன்னிரண்டாம் வருடமும் பட்டினி போட எனக்கு மனம் வரவில்லை.

இ. இந்திக்க எழும்பி வந்து, தன் கையால் ஒரு வாய்— சே, இது சினிமா.

உண்மையில் நடந்தது என்ன? எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் ஏதோ கும்புக்வௌக் கதை என்று கேட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். எல்லாரையும் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். விதானையாரின் கையில் மைக், ரன்மெனிகேயின் கையில் இலை. சோற்றில் இன்னும் கொஞ்சம் ஆவி இருக்கிறது. நீங்கள் களத்துக்குள் வரலாம், ஒருவரும் தடுக்கமாட்டார்கள்.

வந்து அவனைக் கூப்பிடுங்கள். 'எங்கட' என்று சேர்த்தே கூப்பிடுங்கள். ஆனால் அவன் கண்ணைத் திறந்து, எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு உங்கள் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்த பிறகும் அந்தச் சொல்லைத் திருப்பி வாங்கமாட்டீர்கள் என்றால் மட்டும் கூப்பிடுங்கள். இல்லையென்றால் பேசாமல் விடுங்கள், அவன் கிடக்கட்டும்.