சலைன் புட்டி

1

முதலில் யார் யார் எங்கே என்று சொல்லிவிடுகிறேன். மதுரை வில்லாபுரத்தில் ஒரு ஸ்கேன் அறை. கட்டிலில், தோளுக்கடியில் துண்டைச் சுருட்டிவைத்து, கழுத்தைத் திருப்பிப் படுத்திருந்தவள் பேரையூர் இசைவாணி. வலப்பக்கம் சக்கர ஸ்டூலில் டாக்டர் அலர்மேல்மங்கை. தட்டோடு நின்றவன் டெக்னீஷியன் சிவக்குமார். வெளியே போகச் சொல்லியும் போகாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தவள் இசைவாணியின் அம்மா தங்கப்பொண்ணு. நான் அங்கே இல்லை. சிவக்குமார் டீக்கடையில் சொன்னதுதான் இந்தக் கதை.

2

(‘ஊசி மின்னலென இறங்கியது’ என்று ஆரம்பித்தேன். பொய். மெதுவாகத்தான் இறக்குவார்கள். அடித்துவிட்டேன்.)

கழுத்தில் நெறி கட்டியிருந்த இடம் திரையில் கறுப்பாகத் தெரிந்தது. ஒட்டினாற்போல ரத்தக்குழாய் துடித்தது. அதைத் தொடாமல் ஊசி வெள்ளைக் கோடாகப் போய்ச் சேர்ந்தது.

“ஊசி சதைய வெட்டுறப்ப டப்புன்னு சத்தம் கேக்கும். அசையாதீங்க.”

“நானா அசையுறேன்? எங்கம்மாவப் பாருங்க, அதுதான் ஆடுது.”

“ஏன்டி, எனக்கா குத்துறாக?”

எடுத்த சதைத் துணுக்குகள் அத்தனையும் சிவக்குமார் நீட்டிய பார்மலின் புட்டிக்குள் போயின. அங்கே பெரும்பாலும் வருவது தைராய்டு கட்டி, மார்புக் கட்டி. தட்டில் எப்போதும் அந்தப் புட்டிதான். பார்மலினில் சதை கெடாது, கிருமி செத்துவிடும். டிபி சந்தேகம் என்றால் ஒரு துணுக்கையாவது கிருமி சாகாத சலைனில், அதாவது உப்புநீரில், போடச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் டாக்டர். அன்றைக்குச் சொல்லவில்லை.

3

ரிப்போர்ட் வந்தது. புற்று இல்லை, டிபி போலத் தெரிகிறது. எந்த மாத்திரை கேட்கும் என்று அறிய, கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். செத்தது வளராது. குத்துமதிப்பாகக் கொடுக்கலாம்தான். ஆனால் இசைவாணியின் அண்ணன் நல்லகாமனுக்கு டிபி வந்தபோது வழக்கமான மாத்திரை கேட்கவில்லை. ஆள் பாதியாகித்தான் மீண்டான். ஒரே வீடு, அதே கிருமியாக இருக்கலாம்.

மறுபடி சதை எடுக்க வரச் சொல்லிப் போன் போட்டார்கள். எடுத்தவள் தங்கப்பொண்ணு. “மறுக்காவா? எம்புட்டுத் தடவ குத்துவீக? எம்மக கழுத்தென்ன பனமரமா, சீவிக்கிட்டே இருக்க?”

அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

[இங்கே சிவக்குமார் தலையில் பழியைப் போட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். டாக்டரே அவன்மேல் பழி போடவில்லை, நான் யார்?]

4

டாக்டர் கடிதம் எழுத உட்கார்ந்தார். ‘எடுத்த சதை போதவில்லை, ஆகவே…’

சிவக்குமார் எட்டிப் பார்த்தான். “இப்டியே விடுங்க மேடம். நம்பிருவாக, வந்துருவாக.”

“வருவாங்க. அப்புறம் மாசக்கணக்கா மாத்திரை சாப்பிடுன்னு சொல்லப்போறதும் நான்தான? அதையும் நம்பணுமே.”

வேறு தாள். ‘இசைவாணிக்கு. தவறு என்னுடையது. சோதனைக்கு வேண்டிய துணுக்கையும் பார்மலினில் போட்டுவிட்டேன். இன்னொரு முறை ஊசி போட வேண்டும். வலிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அண்ணனுக்குக் கேட்காத மாத்திரையை உங்களுக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.’

உறையில் அம்மா பெயர் இல்லை. கழுத்து யாருடையதோ அவள் பெயர்.

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இசைவாணி மதுரை பஸ் ஏறுகிறாள். மற்றதில் தங்கப்பொண்ணு கடிதத்தை வாங்கி அடுப்பில்… (நிறுத்திவிட்டேன். எனக்கு அவளை அம்புட்டுத் தெரியாது. நீங்கள் தீர்மானியுங்கள்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சிவக்குமார் ஒரு சலைன் புட்டியில் இசைவாணி பெயரை எழுதி, தட்டில் பார்மலினுக்கு முன்னால் வைத்தான். டாக்டர் உறைக்குப் பசை தடவி அழுத்திக் கொடுத்தார். தபால் ஆபீஸ் மூடுவதற்குள் ஸ்பீட் போஸ்டில் சேர்த்துவிட்டான்.