சிமெண்டுக் கை

“உன் மாமா வேலை நேரத்துல எங்கயாவது போறாராடி?” என்று அக்கா கேட்டாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். “தெரியலக்கா” என்றேன். அந்தத் ‘தெரியல’ அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். மாமா கொத்தனார், நான் அவருக்குச் சித்தாள். அவர் சாரத்தில் நின்று பூச, கீழிருந்து கலவைச் சட்டியை எடுத்துக் கொடுப்பேன். கொஞ்ச நாளாக அவர் அடிக்கடி இறங்கிப் போகிறார். காலை அகட்டி வைத்து நடக்கிறார். “கொத்தனாரே, குதிரை ஏதும் வாங்கிட்டியா?” என்று கம்பி கட்டுகிறவர் கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் முகம் சுருங்கிவிடும்.

வீட்டில் குளியலறைக் கதவு திறக்க நேரமாகும். திறந்தால் கிருமி மருந்து வாடை. அவர் சட்டைப் பையில் ஒரு களிம்பு அகப்பட்டதிலிருந்து அக்கா தனியாகப் படுக்கிறாள். நேற்று நேராகவே கேட்டுவிட்டாள். “கீழ எரியுது, தோல் உரியுது, அவ்வளவுதான்” என்றார் மாமா.

“நெருப்பில்லாம புகையுமா? டாக்டர்கிட்ட வாங்க. கண்ட இடத்துல வாங்கிட்டு வந்த வியாதின்னு அவர் வாயால வரட்டும். அப்படியே அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிடறேன்.”

சொன்னபடியே துணிகளைப் பையில் அடைத்து எடுத்துக்கொண்டுதான் இன்று டாக்டரிடம் வந்தாள். மாமா மட்டும் உள்ளே போனார். பை அக்காவின் மடியில் இருந்தது. டாக்டர் அறைக்கும் எங்கள் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரைதான். இருமினால்கூடக் கேட்கும்.

“என்ன வேலை?”

“கொத்து வேலைங்க.”

“சிமெண்ட் கையோட ஒண்ணுக்குப் போறதுண்டா?”

“ஐயோ, இல்லைங்க. நான் எப்பவும் கை கழுவுறவன்.”

“அப்போ வேற எதாவதா இருக்கலாம். ரத்தம் பார்த்துடலாம். உன் சம்சாரத்துக்கும் பார்க்கணும்.”

எதிரில் இருந்தவர் சட்டென்று சுவர்க் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா பையின் காதைக் கையில் சுற்றிக்கொண்டாள். எழுந்திருக்கப் போகிறாள் என்று தெரிந்தது.

மாமா பொய் சொல்லவில்லை, கழுவுவார்தான். ஆனால் எப்போது? சட்டியோடு அவருக்காகக் காத்து நிற்பவள் நான். அரைச்சுவருக்குப் பின்னால் போவார், வருவார், அதற்கப்புறம்தான் பீப்பாய்த் தண்ணீரில் கை நனையும். வகுப்பில் பேர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குகிறவள் நான். திரையைப் பார்த்து வாய் திறந்தேன்.

“மாமா போயிட்டு வந்துதான் கழுவுவார்” என்றேன். “போறதுக்கு முன்னாடி கழுவ மாட்டார்.”

திரை விலகி டாக்டர் தலை எட்டிப் பார்த்தது. “அப்படிச் சொல்லும்மா” என்று திரும்ப உள்ளே போனார். “யோவ், உன் உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி காய்ச்சுக் கிடக்கு. சிமெண்ட் பட்டா அதுக்கு உறைக்காது. கீழ இருக்கற தோல் கண் இமை மாதிரிய்யா. கையோட போற சிமெண்ட் அரிக்காதா? போதாக்குறைக்குத் தினம் என்னத்தை ஊத்தினே?”

“கிருமி மருந்துங்க. சுத்தமா இருக்கட்டும்னு…”

“வெந்த புண்ல வேல் பாய்ச்சியிருக்கே. முதல்ல அதை நிறுத்து. சோப்பும் வேணாம், வெறும் தண்ணி போதும். தேய்க்காம ஒத்தி எடு. தொளதொளன்னு பருத்தித் துணி போடு. அந்தக் களிம்பைத் தூக்கி எறி, நான் எழுதறதை மட்டும் தடவு. போறதுக்கு முன்னாடியும் கை கழுவு.”

“அப்போ ரத்தம்?”

“ஒரு வாரம் இதைச் செய். அடங்கலைன்னா பார்ப்போம்.”

மாமா மூச்சு விட்டது வெளியே கேட்டது. யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சந்தோஷத்தோடு அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதத்தில் ஆரம்பித்து மெல்ல மேலே வந்தது அந்தப் பார்வை, புதிதாக வந்த யாரையோ பார்ப்பது போல. உனக்கெப்படிடி தெரியும் என்று கேட்டிருந்தால் போதும். சட்டி, அரைச்சுவர், பீப்பாய் என்று எல்லாம் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்காமல் சொல்ல எனக்குக் குரல் மிச்சமில்லை.

அக்கா எழுந்தாள். அம்மா வீட்டுக்கென்று கட்டிய துணிப்பையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.