கைதட்டலுக்கு அசையாத கோடுகள்

"மனித மூளை இறைவன் கட்டிய மாபெரும் ஆலயம், அதற்கு அழிவே இல்லை!" என்று ஸ்ட்ரெதம் மண்டபத்தில் முழங்கிய கோயில் தலைவர் கிருஷ்ணராசா, அத்தோடு மேடையிலேயே சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. 'இரண்டு வார்த்தை' பேச வந்தவர் முக்கால் மணித்தியாலத்தைத் தாண்டியிருந்தார். ஒருவழியாக முடித்துவிட்டார் என்று சபை கைதட்டியது. மனைவி சந்திரவதனாவும் தட்டினாள்.

அந்தக் கைதட்டல் ஓய்ந்து, யாரோ ஓடிவந்து நெஞ்சை அழுத்தி இதயத்தை ஓடவைக்கும்வரை அவருடைய மூளைக்கு இரத்தம் போகவில்லை. மூன்றாம் நாளும் அவர் கண் திறக்காதபோது அவளுக்கு இது மட்டும்தான் நினைவில் நின்றது.

ஐ.சி.யூ.வில் தலை முழுக்க வயர் ஒட்டி, மூளை அலைகளைத் திரையில் ஓடவிட்டிருந்தார்கள். மயக்க மருந்தை நிறுத்தியாயிற்று.

"சத்தம் கேட்டா இந்தக் கோடுகள் மாறணும்மா," என்றார் டாக்டர் தாரிணி, மதுரைக்காரர். "மாறினா நல்ல அறிகுறி. இது ஒண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம். ஆனா..."

 

டெக்னீசியன், ஒரு வெள்ளைக்காரப் பெண், அவர் காதருகே பலமாகக் கைதட்டினாள். கோடுகள் மாறவில்லை. கைதட்டலுக்கே அசையாவிட்டால் இந்த மனிசனை வேறு எது அசைக்கும்?

அவருடைய தம்பி யோகநாதன் முன்னால் வந்தார்.

"விடுங்கோ அண்ணி, நான் முறையாக் கூப்பிடுறன்." தொண்டையைச் செருமினார். "அறநெறிக் காவலர்! செந்தமிழ்ப் பரிதி! சமூகச் சுடர்!"

பட்டங்கள் தீர்ந்தன. கோடுகள் பழையபடியே ஊர்ந்தன.

"நீங்க கூப்பிடுங்கம்மா. பேர் சொல்லி," என்றார் தாரிணி.

"அவரின்ர பேரையோ?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து 'இஞ்சேருங்கோ'தான். அதையே சொல்லிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. தாரிணி டெக்னீசியனைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். அதைக் கண்ட பயத்தில், தங்கச்சியோடு போனில் கதைக்கும்போது மட்டும் அவருக்கு வைக்கிற பேர் வாயில் வந்து விழுந்தது.

"லவுட்ஸ்பீக்கர்! எழும்புங்கோ!"

கோடுகள் எல்லாம் ஒருமிக்கத் துள்ளின.

யோகநாதன் திரையைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தார். டெக்னீசியன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த ஒரு சொல் மட்டும் அவளுக்கு விளங்கியிருந்தது.

"தற்செயலா இருக்கலாம்," என்றார் தாரிணி. "அதே வார்த்தை, இன்னும் சத்தமா."

கோயில் நிர்வாகசபை அர்ச்சனைத் தட்டோடு கதவடியில் வந்து நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். கோடுகள் மறுபடியும் துள்ளின.

அவர் நித்திரை என்று நினைத்துத்தான் இத்தனை வருடமும் அவள் அந்தப் பேரைப் போனில் சொல்லிவந்தாள்.