மோங்கிபென் வீட்டுத் தரையில் நடந்த வெயில்

அகமதாபாத்தின் ஆலைக் குடியிருப்பில், மோங்கிபென்னின் ஒற்றை அறைக்குள் வெயில் காலடி வைத்து நடந்த நண்பகலில் அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். சம்பந்தி லாகுபாய் வாசலை ஒட்டி நாற்காலியில். மகன் வல்லப் தண்ணீர்ப் பானையருகே. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்துக்கொடுத்த பெண்கள் சங்கத்துக் காஷ்மீரா கட்டில் விளிம்பில். மோங்கிபென் உட்காரவில்லை, தொட்டில் கொக்கியின் கீழே நின்றாள்.

போன கோடையில் அந்தக் கொக்கியில் தொங்கிய தொட்டிலில்தான் மூத்த பேரன், நடை பழகத் தொடங்கியிருந்த பிள்ளை, வெக்கையில் இறந்துபோனான். அடுத்த பிரசவத்துக்குத் தாய்வீடு போன மருமகள் ஹன்சா, பெண் பிறந்தும் திரும்பவில்லை. இந்த வீட்டு எண் என்றால் போனையே எடுப்பதில்லை. அறை ஆறியதா என்று பார்த்துவரத்தான் தகப்பனை அனுப்பியிருந்தாள்.

வெயிலைத் திருப்பியனுப்பும் அந்தப் பூச்சில் குறையில்லை. ஆனால் அதை டிசம்பர் கடைசியில் பூசிவிட்டார்கள். அடுத்து ஜனவரியில் உத்தராயணப் பண்டிகை, பட்டம் விட மாடியேறாதவன் அந்த ஊரில் கிடையாது. மிதித்த மிதியில் வெள்ளை பாதம் பாதமாகத் தேய்ந்தது. கோடை வந்ததும், தேய்ந்த இடங்கள் வழியே வெயில் கான்கிரீட்டைக் கடந்து இறங்கி, அதே பாதங்களாகத் தரையில் நடந்தது. தொட்டால் கை கொப்புளித்தது.

லாகுபாய் கால்களைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். "வெள்ளையடிச்ச கையோட ஊரையே மேல ஏத்திட்டீங்களா, சம்பந்தியம்மா?"

"மொதல்ல ஏறினது உங்க மாப்பிள்ளைதான். தரையில அந்தக் கோணக் கட்டைவிரலப் பாருங்க" என்றாள் காஷ்மீரா. வல்லப் தன் பாதத்தை உள்ளிழுத்துக்கொண்டான்.

"இந்த அடுப்புக்குள்ள என் பேத்திய அனுப்ப மாட்டேன்" என்று லாகுபாய் எழுந்து போனார்.

மறுநாளே வல்லப் மாடியைத் தேய்த்துக் கழுவி வெள்ளையை இரண்டு முறை பூசினான். மோங்கிபென் படிக்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தரையில் காலடிகள் ஒவ்வொன்றாக மங்கின. கடைசியில் ஒரு சோடி மிஞ்சியது, கொக்கிக்கு நேர் கீழே, ஒரு விரல் நீளத்தில். மேலே அந்த இடத்தில் வெள்ளை முழுசாகவே இருந்தது. மோங்கிபென் கைவைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. அன்றிலிருந்து அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் தரை கூட்டினார்கள்.

ஹன்சாவுக்குக் காஷ்மீரா கடிதம் எழுத, மோங்கிபென் சொன்னாள்: "வீடு ஆறிடுச்சும்மா. உன் மூத்தவன் வந்து நிக்கிறான். காலு ஜில்லுனு இருக்கு. தொட்டில அவன் பக்கத்துலயே மாட்டுறோம், தங்கச்சியப் பாத்துக்குவான்." கொஞ்சம் யோசித்தாள். "ஜில்லுனுங்கறத இன்னொரு தரம் எழுது."

காஷ்மீரா எழுதினாள். வல்லப் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, மத்தியானத் தபாலில் சேர்த்தான்.