வாயை அடைத்த வரி

"என்னாலதான் உங்க பேரு கெட்டுப்போச்சு சார். மன்னிச்சுக்குங்க" என்று சகலை சொன்னபோது இவன் காபி இயந்திரத்தின் முன்னால் காகிதக் கோப்பையோடு நின்றிருந்தான். பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துபோனான். கோப்பை நிரம்பி, விளிம்பைத் தாண்டி, விரல்களின்மேல் சுடச்சுட வழிந்தது. சகலைதான் பதறிப்போய்க் கோப்பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நான்கைந்து தாள்களை உருவி இவன் கையைத் துடைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வந்த மனிதர் கையையும் துடைத்துவிடுகிறார்! இவன் என்ன செய்தான்? "அதெல்லாம் ஒண்ணுமில்லே, விடுங்க" என்று ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னான். சொல்லி முடித்ததும் தன் வாயிலேயே நாலு போடலாம் போல இருந்தது. போடவில்லை. மீதிக் காபியை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டான்.

சகலை என்பவர் மனைவியின் அக்கா கணவர். இவனைவிட ஏழு வயது மூத்தவர். இருபத்திரண்டு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவர். அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு நிறுவனம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. வேறு யாராக இருந்தாலும் கணினியைக் கண்டாலே எரிந்து விழுந்திருப்பார்கள். இவர் ஐம்பத்தொரு வயதில் தன் பெண் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். சான்றிதழைத் தூக்கிக்கொண்டு பத்து இடம் ஏறி இறங்கினார். கடைசியில் இவன்தான் தன் அலுவலகத்தில் சொல்லி ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டான். ஆறு மாதம் முடிந்ததும் நிரந்தரம் ஆகலாம் என்று பேச்சு. அன்றிலிருந்து மாமனார் வீட்டில் இவனுக்குத் தனி மரியாதை. சாப்பாட்டில் முதல் பரிமாறல், பேச்சில் கடைசி வார்த்தை, இரண்டும் இவனுக்கு. இவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் இருவரும் 'சார்', வீட்டுக்கு வந்தால் பழையபடி 'சகலை', 'அண்ணா' என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டார்கள். சகலை எதையும் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். ஒரு வாரத்துக்குள் குழுவில் அவருக்கு 'வரிக்குவரி' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அவர்களுடைய மென்பொருள் டயாலிசிஸ் மையங்களுக்கானது. சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். யாருக்கு எந்த இருக்கை, எத்தனை மணிக்கு என்று முடிவு செய்து முந்தின நாளே அவர்கள் கைபேசிக்குச் செய்தி அனுப்புவது மென்பொருளின் வேலை. அது எழுதப்பட்டிருந்த கணினி மொழி வருடத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பாக வரும். நாம் பேசுகிற மொழியில் ஒரு சொல் வழக்கொழிந்தால் யாரும் தண்டோரா போடுவதில்லை. கணினி மொழியில் போடுவார்கள். எது புதிதாக வந்தது, எது போனது, எது முன்போல நடந்துகொள்ளாது என்று ஒரு பட்டியலே வரும். இந்த முறை நாற்பத்திரண்டு பக்கம். அதையெல்லாம் எவன் படிப்பான்? முதல் பக்கத்தை மேய்ந்துவிட்டு, புதுப் பதிப்பை ஏற்றி, எங்கே உடைகிறதோ அங்கே ஒட்டுப்போடுவதுதான் ஊர் உலக வழக்கம். இவன் பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் காலம் தள்ளினான். சகலையிடம் இந்த வேலையைக் கொடுத்தபோது, அவர் நாற்பத்திரண்டு பக்கத்தையும் அச்செடுத்துப் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார்.

நான்காவது நாள் மத்தியானம், இருபத்தேழாம் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இவன் மேசைக்கு வந்தார்.

"சார், இதுல நேரத்தைப் பத்தி ஒண்ணு போட்டிருக்காங்க. எந்த இடத்து நேரம்னு சொல்லாம வெறுமனே ஆறு மணின்னு குடுத்தா, இதுவரைக்கும் உள்ளூர் நேரமா எடுத்துக்குமாம். இனிமே உலகப் பொது நேரமா எடுத்துக்குமாம். நம்மகிட்ட அப்படி எங்கயாவது இருக்கா?"

இவனுக்குப் பசி. பர்ஸை எடுத்துக்கொண்டு எழுந்திருந்தான். "இருந்தா ஓட்டும்போதே திரையில எச்சரிக்கை வருமே. நாலு பதிப்பா எச்சரிக்கை குடுத்துட்டுத்தான் இப்ப மாத்துறாங்க. உங்களுக்கு ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரலே. சுத்தமா இருக்கு. அதான் எனக்கு உதைக்குது. இத்தனை பழைய நிரல்ல ஒரு எச்சரிக்கைகூட இல்லேன்னா எப்படி?"

"நல்லா எழுதியிருக்கோம்னு அர்த்தம்" என்று சிரித்துவிட்டு இவன் அவர் தோளைத் தட்டினான். "ரொம்ப யோசிக்காதீங்க. ஏத்திடுங்க."

சகலை இருபத்தேழாம் பக்கத்தின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை ஏற்றினார்கள். சோதனைக் கணினியில் எல்லாம் சரியாகவே ஓடியது. அதன் கடிகாரமே உலகப் பொது நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அங்கே வித்தியாசம் தெரிய வழியில்லை. அன்று போன செய்திகள் எல்லாவற்றிலும் நேரம் ஐந்தரை மணி தள்ளிப் பதிவாகியிருந்தது. திங்கள் காலை ஆறு மணிக்கு மையங்களில் இருக்கைகள் காலி. தாதிகள் இயந்திரங்களைத் தயார் செய்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளுக்கு அந்தச் செய்திதான் வேதம். மையம் அடிக்கடி நேரத்தை மாற்றும், இவர்களும் கேள்வி கேட்காமல் வந்துபோய்ப் பழகியவர்கள். பதினொன்றரை மணிக்கு ஆறு மணிக்காரர்களும், தவறு தெரிந்து மையம் தொலைபேசியில் கூப்பிட்ட பதினொன்றரை மணிக்காரர்களும் ஒன்றாக வந்து நின்றார்கள். நடைபாதையில் நிற்க இடமில்லை. கால் வீங்கி மெதுவாக நடந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தன் முறைக்காக உட்கார்ந்திருந்தபடியே மூச்சுத் திணறிச் சாய்ந்துவிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துவிட்டார். பிழைத்தது அவர் செய்த புண்ணியம், இவர்கள் செய்த வேலை இல்லை.

மையத்திலிருந்து முதல் தொலைபேசி வந்தபோதே இவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். நான்கு வருடத்துக்கு முன் இதே எச்சரிக்கை வர ஆரம்பித்த காலம் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வரும். வேறு பிழையைத் தேடினால் இந்த எச்சரிக்கைக் குப்பைக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டும். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், நிரல் தொடங்குகிற கோப்பில் மேலே ஒரு வரி சேர்த்தான்: எந்த எச்சரிக்கையையும் காட்டாதே. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: 'தற்காலிகம். அடுத்த வாரம் சரிசெய்ய வேண்டும்.' அந்த அடுத்த வாரம் நான்கு வருடமாக வரவில்லை. தொல்லை விட்டது என்று அவனும் மறந்தே போனான். கழிப்பறைக்குள் மடிக்கணினியோடு போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தான். வரி இருந்தது. யார் சேர்த்தது, எப்போது சேர்த்தது என்ற வரலாறும் இருந்தது. தன் பெயரைப் படிக்க அவனுக்கே கூசியது. மறந்ததை மன்னிக்கலாம், மனிதன்தானே. ஆனால் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது அவன் மறந்திருக்கவில்லை.

மறுநாள் கூட்டம். மேலாளர் குரலை உயர்த்தாத பெண்மணி, அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

"ஏத்தினது யாரு?"

"நான்தான் மேடம்" என்றார் சகலை.

"எச்சரிக்கை எதுவும் வரலையா?"

"வரலே மேடம்." சொல்லிவிட்டு சகலை இவன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வந்திருக்கும். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றார் மேலாளர்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'மேடம், எச்சரிக்கையை அடக்கினது நான்.' ஏழாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லிவிடுவான். இவன் மேசையில் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. ஆள் கிடைத்துவிட்ட பிறகு தடயம் எதற்கு? கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மேலாளர் இவன் அருகில் வந்து, "சொந்தக்காரருக்கு உதவி பண்ணணும்னு நினைச்சீங்க, தப்பில்லே. உங்களை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். இவன் தலையாட்டினான். காபி இயந்திரத்தின் முன்னால் சகலை வந்து நின்றது அதற்கும் மறுநாள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது.

வீட்டில் மனைவி இவனைப் பார்த்து உருகினாள். அதுதான் தாங்க முடியவில்லை. "அவர் இவ்வளவு அசட்டையா இருப்பார்னு யாரு கண்டா? நீங்க நல்லது செய்யப்போயி உங்களுக்குத் தலைகுனிவு. அக்காகிட்ட என்ன பேசறதுன்னே எனக்குத் தெரியலே" என்றாள். தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். இவன் சாப்பாட்டோடு சேர்த்து அதையும் மென்று விழுங்கினான். அசட்டையாம்! நாற்பத்திரண்டு பக்கத்தையும் உலகத்திலேயே முழுசாகப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். சொல்லவில்லை. சொல்ல ஒவ்வொரு நாளும் கடினமாகிக்கொண்டே போனது, ஏனென்றால் இப்போது தவறை மட்டும் சொன்னால் போதாது, இத்தனை நாள் வாயைத் திறக்காததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு மாலை மனைவி அக்காவைப் பார்க்கக் கிளம்பினாள். "நீங்களும் வாங்க. வரலேன்னா கோபமா இருக்கீங்கன்னு நினைச்சுப்பாங்க." இவன் போனான்.

மூன்றாவது மாடியில் இரண்டே அறை. அக்காவும் தங்கையும் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள். சகலை மடக்கு மேசையில் கணினியோடு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, சட்டை மாற்றி, அலுவலகத்துக்குப் போகிறவர் போலவே இருந்தார். சுவரில் அவருடைய பயிற்சிச் சான்றிதழை மகள் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள்.

"வாங்க, உக்காருங்க. ஒரு இடத்துக்கு விண்ணப்பம் போடறேன். ஒரு கட்டத்துல நிக்குது" என்றார். திரையை இவன் பக்கம் திருப்பினார். 'முந்தைய வேலையை விட்டதற்கான காரணம்' என்று கேட்டிருந்தது. பக்கத்தில் வெற்றுக் கட்டம்.

"இருபத்திரண்டு வருஷம் இந்த மாதிரி கட்டத்தைத்தான் சரிபார்த்திருக்கேன். பூசி மெழுகினா வாசிக்கறவனுக்கு உடனே தெரிஞ்சிடும். உள்ளதைப் போடணும். நீங்களே சொல்லுங்க சார், என்ன போடட்டும்?"

வீட்டுக்குள் அவர் இவனை 'சார்' என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணா" என்றான். "எச்சரிக்கையெல்லாம் வராம அடக்கி வெச்சது நான்தான். நாலு வருஷத்துக்கு முந்தி. நீங்க கேட்டப்ப ஞாபகமில்லே, சத்தியமா ஞாபகமில்லே. அப்புறம் ஞாபகம் வந்துச்சு. கூட்டத்துல..."

சகலை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார்.

"தெரியும். திங்கக்கிழமை சாயங்காலம் நேரத்தையெல்லாம் சரிபண்ண உக்காந்தேனே, அப்பவே பார்த்துட்டேன். மேல இருந்து கீழ வரைக்கும் படிக்கறவனாச்சே."

"தெரிஞ்சுமா கூட்டத்துல சும்மா இருந்தீங்க?"

"உங்க வரி அது. நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லலே. சரி, அத்தனை பேர் முன்னாடி கஷ்டம்தான்னு மறுநாள் நானே வந்து மன்னிப்புக் கேட்டேன். அப்பவாவது சொல்லுவீங்கன்னு நினைச்சேன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நீங்க என்னை மன்னிச்சு அனுப்பிட்டீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இவன் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்திருப்பான். கூனிக் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தான். திரையில் அந்தக் கட்டத்துக்குள் கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது. யாரும் எதையும் எழுதாவிட்டால் அது பாட்டுக்கு மின்னிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆசிரியையின் பெயர்கூடத் தனக்குத் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பையிலிருந்து கைபேசியை எடுத்தான். மேலாளர் எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை, மேலேயே இருந்தது. அழுத்தினான்.

சகலை பார்த்தார். சத்தமில்லாமல் நாற்காலியை நகர்த்தி எழுந்து சமையலறைக் கதவருகே போனார். உள்ளே தங்கை ஏதோ சொல்ல அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர்களுக்குக் கேட்க வேண்டாம் என்று அவர் கதவை மெல்லச் சாத்தப் போனார். இப்போதும் இவன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்.

"வேணாம்ணா" என்றான். "திறந்தே இருக்கட்டும்."

சகலையின் கை கதவிலேயே நின்றது. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. மூன்று, நான்கு. எடுக்காமல் போய்விட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு ஓடியது, அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான். உள்ளே குழாயை யாரோ மூடினார்கள். பேச்சும் நின்றது. கழுவிய தட்டைக் கையில் பிடித்தபடியே மனைவி வாசற்படியில் வந்து நின்று, இவனையும் தன் அக்கா கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லுங்க, என்ன ஞாயித்துக்கிழமையில?" என்றார் மேலாளர்.

இவன் எழுந்து நின்றான். மனைவியின் கையிலிருந்த தட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.